தாய் பெயருக்கு ஒரு கட்டம்

என்னோடு வேலை செய்த அக்காவின் கையில் பேனாவை நான் ஒருநாளும் கண்டதில்லை. எல்லாம் பென்சில்தான். பென்சிலின் தலையில் இருக்கும் ரப்பரிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கார்டிகன் பையில் தனியாக ஒரு வெள்ளை அழிறப்பர் வைத்திருப்பார். நாங்கள் இரண்டுபேரும் எழுதியதைவிட அந்த அழிறப்பர் அழித்தது கூடவாக இருக்கும். அழித்ததில் முக்கால்வாசி நான் எழுதியது.

வேலை செய்த இடத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். மொன்றியல் நகர நடுவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், மற்றவர்களுடைய வம்சாவளியைத் தேடிக் கொடுக்கும் சின்ன அலுவலகம். கேட்டு வருபவர்களில் அரைவாசிக்கு மேல் அமெரிக்கர். அவர்களுடைய பூட்டன் கியூபெக்கிலிருந்து தெற்கே பிழைக்கப் போயிருப்பான். பூட்டப்பிள்ளை ஓய்வூதியம் எடுத்தபிறகு, நான் யார் என்று கேட்டுக்கொண்டு வடக்கே வருவார். அவர்களுக்காகத் தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைப் படிப்பதுதான் வேலை. திருமுழுக்கு, கலியாணம், சாவு. முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரர். அவருக்குக் கீழே யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள் இரண்டுபேர் இருந்து, முந்நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரர்களின் தாய் தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் சனத்திடம் சொன்னால் சிரிப்பார்கள். "உமக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்பார்கள். உண்மையிலேயே எனக்குக் கிடைக்கவில்லை. விடியப்புறம் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கிவிட்டு, பத்து மணிக்கு இங்கே வந்து கொட்டாவி விட்டுக்கொண்டு உட்காருவேன். அக்கா தேடிப் பென்சிலால் எழுதித் தருவார். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். பதினொரு வருடம் இப்படிப் போனது.

வம்சாவளி என்பது கட்டம் கட்டமாக வரைவது. ஒவ்வொரு ஆளுக்கும் மேலே இரண்டு கட்டம், ஒன்று தகப்பனுக்கு, ஒன்று தாய்க்கு. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாயின் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்துப் பதிவில் பொருத்தமாகத் தெரிந்த ஒரு பெயரை எடுத்து அதில் போட்டேன். அக்கா திரையைப் பார்த்தார்.

"இது ஆர்?"

"தாய்தான், அக்கா. வேற ஆராயிருக்கப் போகுது?"

"எனக்குத் தெரியா. உமக்கும் தெரியா. எடும்."

"வெறுமையா விட்டா முதலாளி கத்துவார்."

"கத்தட்டும். வெறும் கட்டம் பொய் சொல்லாது, தம்பி."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். அக்கா முயலை மடியில் வைத்திருந்தாலும், எண்ணிப் பார்க்காமல் அதற்கு நாலு கால் என்று சொல்லமாட்டார். எனக்கு அது அலுப்பாக இருந்தது. களைத்துப்போய் வருகிற ஒருவனுக்கு இப்படி ஒரு ஆளோடு வேலை செய்வது சுகமில்லை. ஒரு பெயருக்காக நாலு மாதம் காத்திருப்பார். பிறகு கிடைக்கவில்லை என்று சொல்லிக் கோப்பை மூடுவார்.

அவர் அந்த அலுவலகத்துக்கு முதலில் வந்தது துப்புரவு வேலைக்கு. ஒருநாள் முதலாளி ஒரு பழைய கலியாண ஒப்பந்தத்தை வாசிக்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாராம். மேசை துடைத்துக்கொண்டு நின்ற அக்கா, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அக்காவின் தகப்பன் ஊரில், காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞர். சின்ன வயதில் பழைய காணி உறுதிகளைத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியது அக்காதான். "எந்தப் பாஷையெண்டாலும் நொத்தாரிசுமார் கிறுக்கிறது ஒரே கிறுக்குத்தான்," என்பார்.

அவருடைய தேடும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். மற்றவர்கள் திருமுழுக்குப் பதிவில் தொடங்குவார்கள். அக்கா கலியாண ஒப்பந்தத்தில் தொடங்குவார். பெண்ணோடு எத்தனை கம்பளி போனது, பசு யார் கொடுத்தது, செம்புப் பானை யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் விரலை வைத்து வாசிப்பார்.

"எங்கட ஊரில சீதன உறுதியைப் பிடிச்சுக்கொண்டு போனா, தாய், தாயின்ர தாய், அவவின்ர தாய் எண்டு போகலாம். பொம்பிளையளைத் தேடுறதெண்டாச் சாமானைத் தேடும். ஆம்பிளையள் பேரை விட்டிட்டுப் போவினம். பொம்பிளையள் பானையைத்தான் விட்டிட்டுப் போறது."

இந்த முறையில் அவர் கண்டுபிடித்த தாய்மார் ஏராளம். கண்டுபிடிக்காத ஒருத்தியைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும்.

வெர்மான்ட்டிலிருந்து ஒரு கிழவி வருவா. வருடத்துக்கு இரண்டு தடவை, தானே காரை ஓட்டிக்கொண்டு, பின் சீற்றில் ஒரு கூடை ஆப்பிளோடு. மூன்று மாடி ஏறிவந்து மூச்சு வாங்க உட்காருவா. அவவுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். முந்நூறு வருடத்துக்கு முந்தி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையில், அமெரிக்கப் பக்கத்து ஆங்கிலேயக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு பனிக்குள்ளால் மொன்றியலுக்கு நடத்தி வந்திருக்கிறார்கள். இங்கே அவளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, மரி-மதலேன் என்று புதுப்பெயர் வைத்து, பிறகு ஆற்றங்கரை விவசாயி ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினொரு பிள்ளை பெற்றாள். அவளுடைய வழியில் வந்தவதான் இந்தக் கிழவி. பதிவேட்டில் பாதிரியார் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஆங்கிலேயச் சிறுமி, வயது ஏழளவில், தாய் பெயர் தெரியாது.

அந்தக் கிராமத்தில் பிடிபட்டவர்களின் பட்டியலில், அந்த வயதுப் பெண்பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இரண்டுபேர் இருந்தார்கள். ஒருத்தி மார்த்தா, மற்றவள் எஸ்தர். இரண்டில் எது என்று அக்கா ஐந்து வருடம் தேடினார். கலியாண ஒப்பந்தத்தைக்கூடக் கண்டுபிடித்தார். அதிலும் சாமான் முழுக்க மாப்பிள்ளை வீட்டுச் சாமான். பெண்ணோடு ஒரு கரண்டிகூட வரவில்லை.

அன்றைக்கு அக்கா அந்தப் பாதிரியாரின் வரியைத் திரும்ப எடுத்து வாசித்தார்.

"ஏழு வயசுப் பிள்ளைக்குத் தாயின்ர பேர் தெரியாதே, தம்பி?"

"பாஷை விளங்கியிராது, அக்கா."

"பாஷையென்ன பாஷை. சுத்தி நிண்ட ஒருத்தரும் அவளிட்டைக் கேக்கேல்லை. கேக்காததுக்குத்தான் தெரியாது எண்டு எழுதியிருக்கினம்."

அவருடைய குரலில் கோபத்தைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியும். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அதை அவரே சொல்லியிருந்தார்.

அக்கா லாசாலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி, ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருக்கும் தாயிடம் போவார். ஒரு ஞாயிறு பனி கொட்டி பஸ்கள் ஓடவில்லை. கேட்டார், நான் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து போய்க் காரில் ஏற்றினேன். பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. சும்மா கதைக்கத்தான் கேட்டேன்.

"அம்மாவுக்கு இப்ப எத்தினை வயசு, அக்கா?"

"எந்த அம்மாவுக்கு?" என்றார்.

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புரோசார்டில் இருப்பவர் பேப்பரில்தான் அம்மா. அந்தத் தம்பதியும் மகளும் மகனும் கனடா வருவதற்குப் பாஸ்போட் எடுத்திருந்தார்கள். மகள் கடைசி நேரத்தில் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டு ஊரில் நின்றுவிட்டாள். அவளுடைய பாஸ்போட் சும்மா கிடந்தது. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் அதில் அக்காவின் படத்தை ஒட்டி, முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்தோடு அனுப்பிவிட்டான். விமானத்தில் ஏறுமுன்னரே மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம், வாய் தவறக்கூடாது என்று. அந்தப் பெயரில்தான் அக்கா அகதியானார், குடியுரிமை எடுத்தார், வேலை செய்தார். எல்லோரும் அவரை அழைத்ததும் அதைச் சொல்லித்தான். இங்கே அதை நான் எழுதாதது அதனால்தான். அது ஊரில் வேறொருத்தியின் பெயர்.

கலியாணம் பேசி வந்தவர்களும் இருந்தார்கள். "ஆரின்ர பிள்ளையெண்டு பேசுறது, தம்பி?" என்று கேட்டார்.

பெற்ற தாய் சாவகச்சேரிப் பக்கம் தனியாக இருந்தார். அக்கா ஒரே பிள்ளை, தகப்பன் முன்னமே போய்விட்டார். கூப்பிட்டு வைத்துக்கொள்ள வழியில்லை. அரசாங்கத்தின் கோப்பில் அக்காவின் தாய் ஏற்கெனவே புரோசார்டில் இருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து. பேப்பர் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார், வாய் திறக்காதே பிள்ளை என்று. அக்கா திறக்கவில்லை. பெற்ற தாய் கடைசியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். சனிக்கிழமைகளில் டெலிபோனில் கதைப்பதோடு சரி.

கார் நகரத் தொடங்கியது. "குழம்பு சிந்தாமப் பாத்து ஓட்டும்," என்றார்.

ஊரில் பெற்ற தாய் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அக்கா போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று டெலிபோனைக் காதில் வைத்திருந்தார். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து விட்ட வரியிலிருந்து வாசித்தார். முதலாளிக்கு முகத்தைப் பார்த்து விளங்கியது. நல்ல மனிதர்தான், துக்க விடுமுறைப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு கட்டம்: இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு.

அக்கா பென்சிலோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எண்டு எழுதுங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?" என்றேன்.

"அம்மா புரோசார்டில, டெலிபோன் நம்பரோட, இவையளின்ர பைலில கிடக்கிறா."

"அப்ப சித்தி எண்டு எழுதுங்கோ."

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அந்தக் கிழமை முழுவதும் வேலைக்கு வந்தார். ஒருநாள்கூட விடுமுறை எடுக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

வெர்மான்ட் கிழவிக்கு வருத்தம் முற்றிவிட்டது. மாடி ஏற முடியாது, டெலிபோனில் மட்டும் கதைப்பா. குரல் மெலிந்துவிட்டது. முதலாளி ஒவ்வொரு நாளும் வந்து என் தலைக்கு மேலே நின்றார். அக்கா கண்ணில் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமை லீவில் இருந்தார். நான் கோப்பை எடுத்தேன். மரி-மதலேனின் மூத்த மகளின் பெயர் மார்த், மார்த்தாவுக்குப் பிரெஞ்சில் அப்படித்தான். எனக்குப் பட்டென்று பொறி தட்டியது. எங்களில் பேத்திக்குப் பாட்டியின் பெயரை வைப்பது வழக்கம். என் மூத்தவளுக்கே என் தாயின் பெயரைத்தான் வைத்தேன். பிடித்துக்கொண்டு வரப்பட்ட பிள்ளை, எல்லாரும் பெயரை மாற்றியபிறகும், தாயை மறக்காமல் தலைப்பிள்ளைக்கு அவளுடைய பெயரை வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. தாயின் கட்டத்தில் மார்த்தா என்று போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட பிரதி ஒன்றை அனுப்பிவிட்டேன்.

கிழவி டெலிபோனில் அழுதா. மார்த்தாவின் கல்லறை அந்தக் கிராமத்தில் இன்னும் இருந்தது. பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் போய்ப் பூ வைத்தாவாம். நான் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தேன்.

அக்கா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். கோப்பை வாசித்தார். மூத்த மகள் மார்த்தின் திருமுழுக்குப் பதிவை எடுத்து, திருமுழுக்கில் பிள்ளையை ஏந்தியவளின் பெயர் இருந்த வரியில் பென்சிலை வைத்து என் பக்கம் தள்ளினார். ஞானத்தாய்: மார்த், பக்கத்துப் பண்ணைக்காரரின் மனைவி.

"இஞ்சை பிள்ளைக்குத் தன்ர பேரைக் குடுக்கிறது ஞானத்தாய். உமக்குத் தெரியுமே இது."

தெரியும். பதினொரு வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாழ்ப்பாணத்தானாக இருந்து வாசித்துவிட்டேன்.

அக்கா என்னை ஏசவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. டெலிபோனை எடுத்தார். கெஞ்சினேன். "அந்த மனுசி இன்னும் எத்தினை நாளைக்கு, அக்கா? விட்டுவிடுங்கோ."

"அவ பூ வைச்சது பிழையான தாய்க்கெண்டா, தம்பி? மற்றவளுக்கு ஒருத்தரும் இல்லை."

"மற்றவள்தான் எண்டும் உங்களுக்குத் தெரியாதே."

"தெரியா. அதைத்தான் சொல்லப்போறன்."

ஸ்பீக்கரில் கிழவியின் மூச்சு எனக்கும் கேட்டது. அக்கா உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். பிழை என்னுடையது என்று சொல்லவில்லை, எங்களுடையது என்று சொன்னார். கிழவி சொன்னா, நான் அந்தக் கல்லறையோடு கதைத்துவிட்டேன், எனக்குக் களைப்பாக இருக்கிறது, இந்த ஒன்றை எனக்கு விட்டுத்தாருங்கள் என்று. அக்கா மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. தாயின் கட்டம் வெறுமையான புதுப் பிரதி அடுத்த நாள் தபாலில் போனது. கிழவி அந்த மாதமே இறந்துபோனா. பிரதியைப் பிரித்துப் பார்த்தாவோ தெரியாது.

அதற்காக அக்காவை நான் மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர் செய்தது கொடுமை என்றுதான் பட்டது. சரியான கொடுமை என்று சில நாட்களில் நினைப்பேன், வெறும் கொடுமை என்று சில நாட்களில். கொஞ்சக் காலம் நாங்கள் வேலைக் கதையைத் தவிர வேறு கதைக்கவில்லை. பிறகு அக்கா ஓய்வு எடுத்தார். அழிறப்பரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் லாசால் பக்கம் போகவும் இல்லை.

சென்ற மாசி மாதம் எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. புரோசார்ட் வீட்டு மகன், அக்காவின் பேப்பர்த் தம்பி. அக்கா நித்திரையிலேயே போய்விட்டார். அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "அக்காவின்ர வேலைக்கார ஃபிரண்ட் நீங்கள்தானே? ஃபோர்ம் நிரப்ப வேணும், வாறீங்களா?" என்றான்.

இறுதிச்சடங்கு நிலையத்தில் சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பெண், முன்னால் மரணப் பதிவுப் படிவம். பேப்பர் அம்மா சக்கர நாற்காலியில், பெரிய கோட்டுக்குள் ஒடுங்கிப்போய் இருந்தார். தொண்ணூறை நெருங்கியிருப்பார். பிறந்த இடம், முகவரி, தொழில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். தகப்பன் பெயர் என்று கேட்டபோது, மகன் இறந்துபோன தன் தகப்பனின் பெயரைச் சொன்னான். அது பதிவாகியது. அடுத்தது தாயின் பெயர். மகன் நாற்காலிப் பக்கம் கையைக் காட்டி, இவர்தான் என்று பிரெஞ்சில் சொன்னான்.

"என்ன கேக்கிறாள்?" என்றார் பேப்பர் அம்மா.

நான் சொன்னேன்.

"என்ர பேரை எழுதவேண்டாம்."

மகன் குனிந்தான். "அம்மா, பேப்பரில அப்பிடித்தானே இருக்கு."

"பேப்பரில இருக்கட்டும். நான் அவளைப் பெறேல்லை. எங்களுக்காக இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள். பெத்தவள் செத்தபோதும் வாய்விட்டு அழேல்லை. அந்தக் கிழமையும் எனக்குச் சோறு கொண்டுவந்தவள்." அவருடைய கை கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. "செத்த பிறகாவது அந்த மனுசியின்ர பேரை எழுதுங்கோ."

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அவவின்ர பேர் என்ன, அம்மா?" என்றேன்.

பேப்பர் அம்மா என்னைப் பார்த்தார். "எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டா அழுவாளெண்டு பயம். உமக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன். ரெண்டுபேரும் உந்த வேலைதானே பாத்தனீங்கள்?"

ஓம். இதே வேலைதான் பார்த்தோம். எத்தனையோ வெள்ளைக்காரத் தாய்மாரின் பெயர் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. யாருக்கு எத்தனை கம்பளி, யாருடைய பானையில் விளிம்பு உடைந்திருந்தது என்பதுகூட. பாலத்தில் கார் நின்ற அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். செய்தி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கலாம். அன்றைக்கு, சித்தி என்று எழுதுங்கள் என்றுதான் சொன்னேன்.

சாவகச்சேரிப் பக்கத்து முதியோர் இல்லத்தின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அக்காவின் வீட்டு மேசையில் கண்ணாடிக் கூடும் பென்சில்களும்தான் இருந்தன என்றான் மகன்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், தாயின் பெயர் என்ன, ஐயா என்று.

"வெறுமையாக விடுங்கள்," என்றேன் பிரெஞ்சில்.

வெறுமையாக விட முடியாது, ஏதாவது எழுதவேண்டும் என்றாள். கையில் பேனா இருந்தது. மகன் என்னைப் பார்த்தான். பேப்பர் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தெரியாது என்று எழுதுங்கள்."

அவள் எழுதினாள். கேட்கவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.